மயில் ஆடும் என்று சொன்ன சொல்

"முத்தத்துக்கு வந்தா சாமி, வயலுக்கு வந்தா கள்ளன்."

மயிலைப் பற்றி எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா சொல்லும் பேச்சு இது. காலையில் அவருடைய முற்றத்தில், நெல்லிமரத்தடியில் நட்டு வைத்த வேலுக்கு முன்னால் அந்த மயில் வந்து நிற்கும்போது ஒரு பிடி அரிசி போட்டுக் கும்பிடுவார். வெயில் ஏறியதும் அதே மயில் மேட்டில் மிளகாய்க் கன்றுகளைப் பிடுங்கித் தின்னும். அப்போது தென்னை மட்டையைத் தூக்கிக்கொண்டு அதன் முப்பாட்டன் வரைக்கும் ஏசுவார். மயில் ஒன்றுதான், வாயும் ஒன்றுதான். எனக்கு அந்த வாயைப் பிடிக்கும்.

நான் பல்லேபொலப் பக்கம் ஒரு வத்தைக்காரன், சின்னத் தோட்டம் ஒன்று வைத்திருப்பவன். மிளகு, கராம்பு, கொஞ்சம் பாக்கு. பள்ளிக்கூடம் என்னை அதிக காலம் வைத்துக்கொள்ளவில்லை. மிச்சத்தை பஸ்ஸிலும் மாத்தளைச் சந்தையிலும் ஆட்களின் வாயைப் பார்த்துத்தான் படித்தேன். அக்கா மாத்தளைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கல்யாணத்தோடு இங்கே இறங்கி வந்தவர். புருஷன் காலமாகிவிட்டார். ஒரே மகள் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டாள். அவர் என்னை "நானா" என்பார், என் மனைவியை "ராத்தா" என்பார், எங்கள் ஆட்கள் அண்ணனையும் அக்காவையும் கூப்பிடுகிற மாதிரி. நாங்கள் அவரை "அக்கா" என்போம். யார் மூத்தவர் என்ற கணக்கை இன்றுவரை யாரும் தீர்க்கவில்லை. வேலியில் ஒரு இடைவெளி இருக்கிறது. பெருநாளைக்கு வட்டிலப்பமும் பொங்கலுக்குச் சர்க்கரைச் சோறும் அதற்குள்ளால்தான் போய் வரும்.

நான் சின்னவனாக இருந்த காலத்தில் மயில் பார்க்க வேண்டுமென்றால் நாவுல ஊரைத் தாண்ட வேண்டும். அது வறண்ட பக்கத்துப் பறவை. எப்போது எங்கள் பக்கம் நடந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு விடியலில் ஒரு குரல் கேட்டது, அவ்வளவுதான். பிறகு கூரையில், மதிலில், வரப்பில் எல்லாம் மயில். மாரி காலத்து விடியலில், பனி மிளகுக்கொடிகளின் இடுப்பு வரைக்கும் நிற்கும்போது அந்தக் குரல் கேட்டால், நான் எழும்பிவிட்டேனா இன்னும் கனவுதானா என்று சற்று நேரம் தெரியாது. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு கதவைத் திறந்தால் விதைத்த கௌபிப் பயறு போயிருக்கும்.

அக்காவின் முற்றத்து மயில் இந்தப் பக்கத்துக்கே தலைவன். அதன் தோகை அவ்வளவு நீளம். முற்றத்து மூலையில் துணி துவைக்கும் கல் இருக்கிறது. அந்த இடத்தில் அது சும்மா திரும்பாது. பலாபத்வலச் சந்தியில் நீட்டு லொறி திரும்புகிற மாதிரி, முதலில் வெளியே போய், அகலமாய் வளைத்து, பின்னால் வரும் தோகை கல்லில் படாமல் பார்த்துத் திரும்பும். அக்கா அதைப் பார்த்து, "ரைட்... ரைட்... வரட்டும்... வரட்டும்..." என்று கண்டக்டர் மாதிரிச் சொல்லுவார்.

போன மாரிக்கு முந்திய போகத்தில் யாரோ அரிசியில் மருந்து கலந்து வரப்பில் வைத்தார்கள். மயில்கள் செத்தன. யாருடையதோ ஒரு நாயும் செத்தது. யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. வைத்தவனுக்கும் பிள்ளைகுட்டிகளும் தின்னப்பட்ட வயலும் இருந்தன. அதற்குப் பிறகுதான், முறைப்படி அனுமதி எடுத்துக்கொண்டு, ஒரு சின்ன மிருகவைத்தியக் குழு எங்கள் பக்கம் வந்தது. குழு என்றால் ஒரு டொக்டர் மிஸ், உதவிக்கு இரண்டு பேர், ஒரு வேன். டொக்டர் மிஸ் பதுளைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. தன் தோட்டத்துப் பேச்சைக் கேட்டதும் அக்கா வேலியோரம் வந்துவிட்டார்.

எங்கள் வாசலில் கதிரை போட்டு, பிளேன்டீ குடித்துக்கொண்டே டொக்டர் மிஸ் விஷயத்தை விளங்கப்படுத்தினார்.

"கொன்னா என்னா நடக்கும் சொல்லுங்க? அந்த எடம் காலியாகும். அடுத்த மயில் வந்து நிக்கும். முட்டைய எடுத்தா? பெட்டை திரும்ப இடும். நாங்க செய்யிறது வேற. ஆண் மயிலோட ஒடம்புக்குள்ள நூல் மாதிரி ரெண்டு குழாய் இருக்கு. அதுல ஒரு துண்ட வெட்டி எடுத்திருவோம். மத்ததெல்லாம் அப்பிடியே இருக்கும். கத்தும், சண்டை புடிக்கும், வேற ஆண் மயில தன்னோட எடத்துக்குள்ள விடாது, பெட்டையோட சேரும். பெட்டை முட்டை இடும், அடை காக்கும். குஞ்சு மட்டும் வராது."

என் மனைவி வாசற்படியில் நின்றபடி கேட்டாள்: "அப்ப பெட்டைக்குத் தெரியவராதா மிஸ்?"

"தெரியாது ராத்தா."

"பாவம். பொம்புளைங்க எங்கள மாதிரித்தான்" என்று சொல்லி என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, "அப்ப அதோட எறகு புஸ்தகத்துக்குள்ள குட்டி போடாதாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். எங்கள் பக்கத்தில் அந்த ஆசையோடு ஒரு மயிலிறகைப் புத்தகத்துக்குள் வைத்துப் பார்க்காத ஆள் கிடையாது, எந்த மதமானாலும்.

"நானும் வச்சேன்மா" என்றார் டொக்டர் மிஸ். "பென்சில் சீவின தூள் கூட திங்கப் போட்டேன்."

"போட்டிச்சா?"

"டொக்டரான பொறகு அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது."

ஆனால் அன்று போகும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுற்றியுள்ள பெட்டைகள் எல்லாம் அக்காவின் முற்றத்து மயிலிடம்தான் வருகின்றன. அதை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் செய்வதில் பிரயோசனமில்லை. அந்த முற்றத்தில்தான் அது பயமில்லாமல் இறங்குகிறது, ஆகவே அங்கேதான் பிடிக்க வேண்டும். "அந்தம்மா மாட்டேன்னா நான் கை வைக்க மாட்டேன். நீங்க ஒருக்கா பேசிப் பாருங்களேன்."

பேசுவதென்றால் எனக்குக் கசக்குமா? மறுநாள் வேலி இடைவெளியால் குனிந்து போனேன். அக்கா கௌபிக் காய்களை மடியில் போட்டு உரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கை நின்றது.

"சாமியோட வாகனத்த புடிச்சி அறுக்கச் சொல்றீங்களா நானா?"

"அறுக்கிறதில்ல அக்கா. ஊசி போற அளவு ஓட்டை."

"ஒங்க பள்ளிவாசல் பூனைக்கி செய்வீங்களா?"

"அதுக்குச் செஞ்சாச்சி அக்கா. போன வருசமே."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தேங்காய்ச் சிரட்டைக்குள் விழுந்த கௌபி மணிகளை விரலால் கிளறினார். பிறகு சிரிப்பு போன முகத்தோடு சொன்னார்: "மொளகாவ திங்கிது, ஏசுறேன். அது வேற. காலையில இந்த முத்தத்துல அது ஒரு சுத்து ஆடுது பாருங்க, அதப் பாத்துட்டுத்தான் நான் அடுப்ப மூட்டுவேன். மக போன பொறகு இங்க எனக்கு முன்னால வந்து நிக்கிற சீவன் அது ஒண்ணுதான். வெட்டின பொறகு ஆடுமா?"

"ஆடும்."

"முந்தி மாதிரி?"

"முந்தி மாதிரி. இதே முத்தத்தில."

அவர் என் வாயையே பார்த்தார். இன்னும் ஏதோ ஒரு சொல் வருமென்று காத்திருப்பதைப் போல இருந்தது. வரவில்லை.

"சரி. புடிக்கச் சொல்லுங்க."

மயிலைப் பிடித்த அந்தக் காலை நேரத்தை இப்போது நினைத்தால் எல்லாம் தண்ணீருக்குள் நடந்த மாதிரி இருக்கிறது. பனி நிலத்தை விட்டு எழும்பவில்லை. நெல்லிமரத்துக் கிளையில் வலையைச் சுருட்டிக் கட்டி, கயிற்றை வேலிப் பக்கம் இழுத்து வைத்திருந்தார்கள். அக்கா தன் கையாலேயே அரிசி போட்டார். வேறு யார் போட்டாலும் அது இறங்காது. கூரையிலிருந்து மயில் இறங்கி வந்தது. துவைகல்லில் அந்த அகலத் திருப்பம் திரும்பியது. பனிக்குள் முதலில் தலை, பிறகு கழுத்து, பிறகு எப்போதோ வால். அக்காவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "ரைட்... ரைட்..."

வலை விழுந்தது.

வலைக்குள் அது எழும்பியபோது உதவிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். ஒரு சத்தம், துணி கிழிகிற மாதிரி. அடுத்த நொடி, மனிசனின் இரண்டு கைகளுக்குள்ளும் ஒரு கட்டுத் தோகை. மயில் அவருக்கு ஒரு முழம் முன்னால், வலைக்குள், வாலில்லாமல். அவர் அந்த இறகுகளைப் பிடித்துக்கொண்டு, யாரோ தன் கையில் பிள்ளையைத் திணித்துவிட்டுப் போன மாதிரி நின்றார்.

"பதறினா கழட்டி விட்டிரும்" என்று டொக்டர் மிஸ் மெதுவாகச் சொன்னார். மயிலின் தலையில் ஒரு கறுப்புத் துணியைப் போட்டதும் அது அடங்கிவிட்டது. "பல்லி வால் மாதிரி. இனி முளைக்கும். ஒடம்புக்கு ஒண்ணுமில்லம்மா."

அக்கா முற்றத்தில் கிடந்த இறகுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினார். உதவிக்காரர் நீட்டியவற்றையும் வாங்கிக்கொண்டார். வேலுக்கு முன்னால் வைப்பார் என்று நினைத்தேன், அவர் ஒரு பழைய சேலைத்துண்டில் சுற்றினார்.

"சாமிக்கு வைக்கலயா அக்கா?"

"உதுத்துக் குடுத்திருந்தா வைக்கலாம்" என்றார். "இது பறிச்சது."

சத்திரசிகிச்சை எங்கள் மிளகுக் கொட்டிலில் நடந்தது. முந்திய நாளே சாக்குகளை வெளியேற்றி, மிளகுத்தூசி மூச்சுக்குள் போகக்கூடாதென்று மனைவி மூன்று தரம் தண்ணீர் தெளித்துத் துடைத்திருந்தாள். அப்படியும் சுவரெல்லாம் மிளகு வாசம். டொக்டர் மிஸ் மயிலின் அலகில் ஒரு சின்ன மூடியை வைத்து மயக்கக் காற்றைத் திறந்தார். எனக்குக் கொடுத்த வேலை காலைப் பிடித்துக்கொள்வது. கனமான கால், முள்ளுள்ள கால். என் கைக்குள் அது மெல்ல மெல்லத் தளர்ந்ததை உணர்ந்தேன். மனிசருக்கு மேலிமை இறங்கும். மயிலுக்குக் கீழிமை எழும்புகிறது. நீலத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளை எழும்பி, கண்ணை மூடியது. பனி எழும்புகிற மாதிரி.

நான் ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் எனக்கும் மயக்கம் பாதி வந்த மாதிரி இருந்தது. வெளியே மழை தொடங்கியிருந்தது. இடுப்புப் பக்கம் கொஞ்சம் பூம்பஞ்சு இறகை நீக்கி, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் ஒரு சின்ன வெட்டு. அதற்குள் ஒரு மெல்லிய குழாய். அதன் நுனியில் வெளிச்சம். பக்கத்தில் வைத்த சின்னத் திரையில் உள்ளே தெரிந்தது. "பாக்கிறீங்களா நானா?" பார்த்தேன். ஈரமான, இளஞ்சிவப்பான ஒரு குகை. சவ்வுகள் கண்ணாடிச் சீலை மாதிரி மூச்சோடு அசைந்தன. ஒரு பக்கத்தில் பெரிய அவரை விதை மாதிரி மஞ்சள் வெள்ளையாய் ஒன்று. அதிலிருந்து நெளிந்து நெளிந்து போகிற நூல். அவ்வளவு பெரிய குரலுக்கும், அவ்வளவு சண்டைக்கும், அவ்வளவு தோகைக்கும் பின்னால் இந்த நூல்தானா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கத்தரி வந்து அதைத் தொட்டது. பிறகு மறுபக்கம். பிறகு சில தையல்கள். மழை ஓயவில்லை. மயிலின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

காலில் ஒரு நீல வளையம் போட்டு, என் பழைய சாரன் ஒன்றில் சிறகுகள் அடிக்காதபடி சுற்றி, இரு பக்கமும் சுடுதண்ணிப் போத்தல் வைத்துப் படுக்க வைத்தோம். மூடியை எடுத்த பிறகும் அது எழும்ப நேரமெடுத்தது. டொக்டர் மிஸ் காதில் குழாயை மாட்டியபடி முழங்காலில் இருந்தார். நான் பேசாமலிருந்த நேரங்கள் என் வாழ்வில் குறைவு. அது அதில் ஒன்று. கடைசியில் வெள்ளை இமை இறங்கியது. நீலக் கழுத்து ஒரு தரம் ஆடி, நிமிர்ந்து, என்னைப் பார்த்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். டொக்டர் மிஸ் "முருகா" என்றார். இரண்டையும் அது சமமாய்க் கேட்டுக்கொண்டது.

சுடுதண்ணி கொண்டு வந்த மனைவி அப்போதுதான் கேட்டாள், அக்கா எப்படிச் சம்மதித்தார் என்று. சொன்னேன்.

"ஆடும்னு சொன்னீங்க. சரி. இன்ஷா அல்லாஹ் சொன்னீங்களா?"

நான் யோசித்தேன். கேத்தலைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாளைக்கி நடக்கிறத, அல்லாட நாட்டம் எண்டு ஒரு வார்த்தை இல்லாம, அடிச்சிச் சொல்லிட்டு வந்தீக்கிறீங்க. மயில் என்ன ஒங்கட மாமிட மகனா, நீங்க சொன்னா ஆடுறதுக்கு?"

"வாயில வரல்ல. என்ன செய்ய ஏலும்?"

"எல்லாம் வார வாயில அது மட்டும் வரல்ல."

மறுநாள் காலை அது தீனி தின்றதைப் பார்த்த பிறகு, அக்காவின் முற்றத்தில் வைத்துச் சாரனை அவிழ்த்தோம். மயில் ஒரு முறை உலுப்பிக்கொண்டு, ஓடி, எழும்பி, வேலியையும் வயலையும் தாண்டி அந்தப் பக்கத்துத் தேக்குகளுக்குள் போனது. பின்னால் தோகை இல்லாமல் பறந்தபோது அது எவ்வளவு சின்னப் பறவை என்று தெரிந்தது. அக்கா கையில் அரிசியோடு நின்றார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. குரல் மட்டும் தேக்குப் பக்கமிருந்து கேட்கும். டொக்டர் மிஸ் தொலைநோக்கியால் பார்த்து, நன்றாய் இருக்கிறது, மேய்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு வேனை எடுத்துக்கொண்டு போனார். நன்றாய் இருக்கட்டும். நான் வாக்குக் கொடுத்தது அதற்கல்ல.

அக்கா என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நல்லது. "காலையில சாப்டீங்களா", "மழை வரும் போல" என்று எல்லாம் கேட்டார், சொன்னார். ஆனால் பேச்சில் உப்பில்லை. ஒரு ஏச்சு இல்லை, ஒரு பழமொழி இல்லை. மிளகாய்க் கன்றுகள் தப்பித் தளிர்த்தன. அதைப் பார்த்தும் சந்தோஷப்படவில்லை. விடியலில் நான் ஜன்னலால் பார்ப்பேன்: பனிக்குள் ஒரு உருவம் கை நீட்டி அரிசி போடும், நிற்கும், போகும். கொஞ்ச நேரத்தில் மைனாக்கள் வந்து தின்னும். அவர் அடுப்பு மூட்டும் புகை நேரம் பிந்தி எழும்பும். இரவில் எனக்கு அந்த மயில் ஆடும் கனவு வரும். கனவில் தோகை இருக்கும். விழித்தால் வெறும் முற்றம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் இடைவெளியால் குனிந்து போனேன்.

"அக்கா, அது வரும். இன்ஷா அல்லாஹ் ஆடும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கி நீங்க அந்த வார்த்தைய சொல்லல நானா."

"தெரியும். மறந்திட்டேன். ராத்தாவும் ஏசினா."

"மறந்தீங்களோ என்னவோ. சொல்லாததாலதான் நான் புடிக்க விட்டேன்."

எனக்கு விளங்கவில்லை.

"மாத்தளை டவுன்ல எத்தன கடையில கேட்டிருக்கேன். 'மொதலாளி, நாளைக்கி ஒரம் வருமா?' 'இன்ஷா அல்லாஹ்'ம்பாங்க. அப்ப வராதுன்னு அர்த்தம். 'நாளைக்கி வரும், வந்து எடுத்துக்கிட்டுப் போ'ன்னா, அது வரும். நீங்க அந்த வார்த்தைய போட்டிருந்தா, ஓ, இவரு நழுவுறாருன்னு புடிக்க விட்டிருக்க மாட்டேன். நீங்க வெறும் 'ஆடும்'னு சொன்னீங்க."

வேலிக்கு இந்தப் பக்கம் அந்தச் சொல் இல்லாவிட்டால் வாக்கு நிற்காது. அந்தப் பக்கம் அந்தச் சொல் இருந்தால் வாக்கு நிற்காது. இவ்வளவு காலம் வட்டிலப்பம் போய் வந்த இடைவெளியில் இது மட்டும் போய் வரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு, "எங்கட கடைக்காரங்க படுத்தின பாடு" என்றாள். அன்று மாலை மக்ரிபுத் தொழுகைக்குப் பிறகு அவள் துஆக் கேட்கும்போது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாய்க் கை ஏந்தியிருந்ததைக் கண்டேன். யாருக்காக என்று கேட்கவில்லை.

மழை விடாமல் பெய்தது. பிறகு ஒரு காலை, பெய்து ஓய்ந்து, உலகம் முழுவதும் சொட்டிக்கொண்டிருந்த நேரம், இடைவெளிக்குள் அக்காவின் தலை தெரிந்தது. ஈரக்கை. வாயில் விரல்.

"நானா. ராத்தாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. செருப்ப கழட்டிட்டு வாங்க."

சேற்றில் வெறுங்காலோடு போய் நின்றோம். பனி வேலின் பாதி வரைக்கும். நெல்லிமரத்தடியில் அது நின்றது. காலில் நீல வளையம். முன்னால் ஒரு பெட்டை, நிலத்தைக் கொத்திக்கொண்டு, தன்பாட்டில். மயில் தலையைப் பின்னுக்கு இழுத்தது. சிறகுகளைத் தாழ்த்தியது. பின்னால் இருந்த குட்டை மண்ணிற வால் மட்டும், எப்போதும் தோகைக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கிற வால், விசிறி மாதிரி எழும்பியது. அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை அது விரித்தது. விரித்து, சிலிர்த்தது. ஓலையில் மழை விழுகிற மாதிரி அந்தச் சலசலப்புக்கு மட்டும் குறைவில்லை. முன்னுக்கு ஓரடி, பின்னுக்கு ஓரடி. மெல்ல ஒரு சுற்று. முந்தி மாதிரி.

நான் அதைப் பார்க்கப் பார்க்க, பனிக்குள் தோகை தெரிவது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. பெட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் அரிசி கொத்தியது.

"அவளுக்கு என்னைக்கும் இதே மொகரைதான்" என்றார் அக்கா, மூச்சோடு. கண்ணெல்லாம் தண்ணீர். "எறகு இல்லேன்னு யாராச்சும் அதுகிட்ட சொல்லிறாதீங்க."

அன்று அவருடைய வீட்டில் புகை நேரத்துக்கு எழும்பியது. பத்து மணிக்கு மேட்டிலிருந்து ஏச்சும் கேட்டது, முப்பாட்டன் வரைக்கும். நான் கொட்டிலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஏச்சைக் கேட்கக் கேட்க நித்திரை வந்தது; நல்ல நித்திரை.

மாரி முடியும் தறுவாயில் டொக்டர் மிஸ் திரும்பி வந்தார். அந்தப் பெட்டை மேட்டு ஓரத்து மானாப் புல்லுக்குள் முட்டையிட்டு அடை காத்துக்கொண்டிருந்தது. அது மேயப் போன நேரம் பார்த்து, நாங்கள் நாலு பேரும் குனிந்து போனோம். டொக்டர் மிஸ் ஒரு முட்டையை எடுத்து, துணியால் மூடி, அடியில் டோர்ச் பிடித்தார். உள்ளே நிழலுமில்லை, நரம்புமில்லை. மாலை நேரத்துச் சந்திரன் மாதிரி முழுக்க ஒரே வெளிச்சம். அடுத்ததும் அப்படி. எல்லாமே அப்படி. அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. பிறகு அக்காவைப் பார்த்து அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டார்.

"இன்னும் எவ்வளவு காலம் அவ ஒக்காந்திருப்பா?" என்று என் மனைவி கேட்டாள்.

"கொஞ்ச நாள்ல தானாவே எழும்பிப் போயிரும் ராத்தா."

அக்கா முட்டைகளை இருந்தபடியே திருப்பி வைக்கச் சொன்னார். போய் ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டு வந்து புல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். "சும்மா ஒக்காந்திருந்தாலும் தாகம் எடுக்கும்ல" என்றார்.

முற்றத்துக்கு வந்தபோது மயில் அங்கே நின்றது. வால் இன்னும் குட்டைதான். அக்கா டொக்டர் மிஸ்ஸைக் கேட்டார்: "அடுத்த மாரிக்கி தோகை வந்திருமா?"

"வந்திரும்மா. முழுசா வரும்."

அது போதவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க நானா. வருமா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அக்கா. மனிசன் எந்த வேலியில் சாய்வது?

"இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

"போச்சு" என்றார் அக்கா. டொக்டர் மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் போனார். "ராத்தா, நீங்க சொல்லுங்க. நீங்க கடை வச்சதில்லையே."

மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னாள்: "இன்ஷா அல்லாஹ்."

அக்கா அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "சரி," என்றார். "அப்ப வரும்."

மயிலுக்கு இந்தப் பேச்சில் அக்கறையில்லை. அரிசியை முடித்துவிட்டு, துவைகல் மூலைக்கு நடந்தது. கல்லுக்கும் அதற்கும் இடையில் இப்போது ஒரு கோழி போகுமளவு இடம் இருந்தது, நேரே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. முதலில் வெளியே போய், அகலமாய், மெதுவாய், பின்னால் வராததையெல்லாம் கல்லில் படாமல் பார்த்து வளைத்தது.

"ரைட்... ரைட்..." என்றார் அக்கா. "வரட்டும்... வரட்டும்..."